ஒற்றைப்புள்ளிச் சிறகு

இசக்கிபாண்டி விமானத்தில் ஏறியதில்லை. கடலில் கால் நனைத்தது என்று பார்த்தால், சின்ன வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கு ஒருமுறை, கல்யாணமான புதிதில் மெரினாவில் ஒருமுறை. அப்படிப்பட்ட ஆள், நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பற்படை விமானிகள் சட்டையில் குத்திக்கொண்ட சிறகுச் சின்னங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? அவன் மனைவி பாண்டிச்செல்வியே முதலில் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் போதும், பல்லாவரம் சந்தைக்கு ஓடுகிற மனுஷன் வேறு ஏதோ வம்பில் மாட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தாள். துருப்பிடித்த பூட்டும் உடைந்த கடிகாரமும் குவிந்து கிடந்த ஒரு சாக்குக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, புருஷன் ஒரு பித்தளைத் துண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு நீங்க வேற வம்புலயே மாட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பூச்செடி வாங்கப் போய்விட்டாள்.

இந்தக் கிறுக்கு அவனுக்குப் பிடித்த கதையே வேடிக்கைதான். 2006-இல் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பையும் ஐ.டி.ஐ. சான்றிதழுமாக வந்து இறங்கியவன், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் டூல் ரூம் வேலைக்குச் சேர்ந்தான். பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு இடம். தகட்டை வைத்து அழுத்தினால் வேண்டிய வடிவம் விழ வேண்டுமே, அதற்கான இரும்பு அச்சை அங்கே டை என்பார்கள். டை வெட்டுவதில் பாண்டி கெட்டிக்காரன். ஆனால் வெட்டினதெல்லாம் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற கொக்கிக்கும், கதவுக்குள் ஒளிந்திருக்கிற தகட்டுக்கும்தான். காரை வாங்குகிறவன் ஜென்மத்துக்கும் அதைப் பார்க்கப்போவதில்லை.

2009 வாக்கில் உலகம் முழுக்கக் கார் வியாபாரம் படுத்தது. OT நின்றுபோனது. லைன் பாதி நேரம் தூங்கியது. முதலாளி கிடைத்த வேலையையெல்லாம் பிடித்துப் போட்டார். அப்படி வந்து விழுந்ததுதான் அந்த ஏற்றுமதி ஆர்டர். வெளிநாட்டில் நினைவுப்பொருள் விற்கிற ஒரு கடைக்கு, அமெரிக்கக் கப்பற்படையின் ஆதி விமானிகள் அணிந்த சிறகைப் போலவே செய்து தர வேண்டும். மாதிரிக்குப் பழைய சின்னம் ஒன்றையே அனுப்பியிருந்தார்கள். ஆள்காட்டி விரல் நீளம். நடுவில் கயிறு சுற்றிய நங்கூரம், அதன்மேல் சின்னதாக ஒரு கேடயம், இரண்டு பக்கமும் விரிந்த சிறகு. ஒவ்வொரு இறகின் நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

கொக்கியும் தகடும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும். வாரக்கணக்கில் அதை லென்ஸுக்குக் கீழே வைத்துக்கொண்டு இறகு இறகாக இரும்பில் வெட்டினான். ஆர்டர் முடிந்தது, கார் வியாபாரம் எழுந்தது, டை ஏதோ ஒரு அலமாரிக்கு அடியில் போனது. பாண்டியின் மனசு மட்டும் கொக்கிக்குத் திரும்ப மறுத்துவிட்டது.

அப்புறம் பிரவுசிங் சென்டர், அப்புறம் போன் என்று படித்துக்கொண்டே போனான். பல்லாவரம் சந்தையில்தான் என்ன வராது. துறைமுகத்தில் இறங்குகிற பித்தளைக் கழிவில் பொத்தான், பதக்கம், பெல்ட் கொக்கி என்று வந்து கிடக்கும். அதில் எப்போதாவது ஒரு சிறகு தட்டுப்படும். பின்பக்கம் இரண்டு முள்ளும் அழுத்துகிற மூடியும் இருந்தால் பிற்காலத்துச் சரக்கு. நீளமாகப் புடவை ஊக்கு மாதிரி இருந்தால் பழசாக இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஒரு சிறகு இருந்தால் உடைந்தது என்று தூக்கிப் போடக்கூடாது, பலூன் ஓட்டினவர்களுக்கு ஒற்றைச் சிறகுதான் கொடுத்தார்கள். உருக்கி வார்த்ததில் இறகு மழுங்கும், அடித்து எடுத்ததில் விளிம்பு கையைக் கீறும். இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ வருவதற்குள் பாதியைச் சொல்லி முடித்துவிடுவான்.

இப்படிச் சொல்லிச் சொல்லி அவன் கெடுத்த ஒரே ஆள் சிவசங்கர். பிள்ளைப்பாக்கத்துக்காரன், பாண்டியின் வயதுதான். விவசாயக் குடும்பம். கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் வைத்து, தானே ஓட்டினான். பாண்டி தினமும் அந்த வேனில், டிரைவர் பக்கத்து சீட்டில். ஒரகடம் கூட்டுரோடு நெரிசலில் எவ்வளவு நேரம்தான் ரோட்டைப் பார்ப்பது? பாண்டி சொல்ல, சிவசங்கர் கேட்க, வியாதி தொற்றிக்கொண்டது. அதன்பிறகு இருவரும் சேர்ந்தே சந்தைக்குப் போனார்கள். பாண்டி கண்ணால் பார்ப்பான், சிவசங்கர் வாயால் பேரம் பேசுவான். ஒருமுறை இங்கிலாந்துக் கப்பற்படை விமானிகளின் கழுகுச் சின்னம் ஒன்று அகப்பட்டது. அதைச் சிவசங்கர் வீட்டில் வைத்திருந்தபோது அவன் அம்மா கோவிந்தம்மா, கருடாழ்வார் என்று சொல்லி நெற்றியில் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் ஏற்றிவிட்டாள். அதை அங்கிருந்து இறக்க, வேறொரு கருடன் படம் வாங்கித்தர வேண்டியதாயிற்று.

எல்லாம் சரி. சிவசங்கருக்கு ஒரே ஒரு குறை. கிடைத்ததெல்லாம் பாண்டி கண்டுபிடித்தது. தன் கண்ணால் ஒன்று, ஒரே ஒன்று, தானாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. மணிமங்கலத்தில் இருக்கிற மாமனார் வீட்டில் "மாப்ள இன்னும் பித்தள பொறுக்கிகினுதான் கீறாரா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்த ஆசை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

2014-இல் ஒரு வெள்ளிக்கிழமை பாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. சிவசங்கர் தனியாகச் சந்தைக்குப் போனான். சாயங்காலம் கம்பெனி வாசல் டீக்கடையில் பாண்டியை உட்காரவைத்து, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே அழுக்கேறின ஒரு சிறகு. நங்கூரம், கயிறு, கேடயம், பின்னால் நீள ஊக்கு.

"இன்னா பாண்டி, வாயத் தொற. அதானே இது? முதல் முதல்ல குடுத்தது?"

பாண்டி லென்ஸை எடுத்தான். இறகுகளைப் பார்த்தான். கேடயத்தின் கீழ்முனையைப் பார்த்தான். அங்கே கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு புள்ளி. அவன் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அந்தப் புள்ளி அவனுடையது. பிரஸ் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே சாமானுக்கு இரண்டு மூன்று டை ஓடும். நாளைக்கு வாடிக்கையாளர் குறை சொன்னால் எந்த டையில் அடித்தது என்று தெரிய வேண்டாமா? அதற்காக முதல் டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு புள்ளி என்று மூலையில் குத்திவிடுவார்கள். புள்ளி குத்தாமல் டை டூல் ரூமைத் தாண்டாது. அதே பழக்கத்தில், அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்த சிறகு டையிலும் பாண்டியின் கை தன்பாட்டுக்கு ஒரு புள்ளியைக் குத்திவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பின்பக்கம் இது நகல் என்று ஆங்கிலத்தில் அடித்துத்தான் கப்பலேற்றினார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அந்த எழுத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, பழைய ஊக்கு ஒன்றைப் பற்றவைத்து, அழுக்குப் பூசிச் சந்தைக்கு விட்டிருக்கிறான். பின்னால் திருப்பினால் ராவின தடம் தெரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பாண்டிக்கு முதலில் வந்தது பயமில்லை, பெருமை. நம் கை வேலை இவ்வளவு தூரம் போய் ஊரை ஏமாற்றியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் மனசு குதித்தது. தலையை நிமிர்த்தினான். எதிரே சிவசங்கர், சின்னப்பிள்ளை பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற மாதிரி நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டான்.

"அருமையா இருக்குடே சிவா" என்றான். அது பொய்யில்லை. நிஜத்தில் அருமையாகத்தான் இருந்தது.

அங்கேதான் வினை பிடித்தது. சிவசங்கர் அதைப் படமெடுத்து, சின்னம் சேர்க்கிறவர்களின் பேஸ்புக் குழுவில் போட்டான். அங்கே ஏற்கெனவே இந்தப் புள்ளியைப் பற்றி ஒரு பெரிய கதை நடந்துகொண்டிருந்தது. இது ஒற்றைப்புள்ளி வகை, முதன்முதலில் சின்னத்தைச் செய்த நகைக்காரன் ரகசியமாக வைத்த அடையாளம், கிடைப்பதே அபூர்வம் என்று ஒருவர் எழுத, ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்ட, சென்னையில் நாணயமும் பதக்கமும் சேர்க்கிறவர்கள் நடத்துகிற கண்காட்சியில் வைக்கச் சொல்லிச் சிவசங்கருக்கு அழைப்பே வந்துவிட்டது. மாமனார் மணிமங்கலத்திலிருந்து நேரில் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பாண்டி வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வாரங்கள் போயின.

ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் பேனர் முளைத்திருந்தது. காதுகுத்துக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் வைக்கிற ஊர். இதற்கு வைக்காமல் விடுவார்களா? வேன் டிரைவர்கள் சேர்ந்து வைத்திருந்தார்கள். கூப்பிய கையோடு சிவசங்கர், சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள், நடுவில் ஆள் உயரத்துக்கு அந்தச் சிறகு. மேலே கொட்டை எழுத்தில் 'சென்னையைக் கலக்க வரும் பிள்ளைப்பாக்கத்தின் தங்கச் சிறகே' என்று இருந்தது. லென்ஸ் வைத்தால்தான் தெரியும் என்றிருந்த புள்ளி, அங்கே வெங்காயம் அளவுக்குப் பெருத்து உட்கார்ந்திருந்தது.

பாண்டி அண்ணாந்து பார்த்தபடி அதன் கீழேயே நின்றான். பேனரைக் கட்டிக்கொண்டிருந்த பிளெக்ஸ் கடை சுப்பிரமணி அவனைப் பார்த்துச் சொன்னான்:

"இந்தப் புள்ளிய அழிச்சுடட்டான்னு கேட்டேண்ணா. சிவாண்ணன் வேணாவே வேணான்னுச்சு. அதான் மேட்டரே, திஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கட்டும்னு சொல்லிச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பாண்டி பாண்டிச்செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்விதான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கையில வாங்குன அன்னைக்கே."

"நல்ல கூட்டாளி. கண்காட்சியில நாலு பெரிய மனுசன் பாத்து, இது டூப்ளிகேட்டுன்னு சபையில சொல்லுவான். அப்ப அந்த அண்ணன் மூஞ்சிய எங்க வச்சுக்கிடும்? நீங்க குத்துன புள்ளிதான, நீங்களே போய்ச் சொல்லுங்க. இப்பவே போங்க."

"சங்கடமா இருக்கு செல்வி. பிறகு அவன் எங்கூடப் பேசமாட்டான்."

"பேசாட்டாப் போகுது. அவமானப்படாம இருப்பாருல்ல" என்றாள் அவள்.

அலமாரியைத் திறந்து, ஒரு தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாண்டி கிளம்பினான். சிறகு டையில் முதன்முதல் அடித்துப் பார்த்த பீஸ் அதில் இருந்தது. சிவசங்கர் வீட்டில் அவன் மனைவி சசிரேகா நாற்காலி போட்டு, "உக்காருங்கண்ணா, காபி போடறேன்" என்று உள்ளே போனாள். பாண்டி உட்காரவில்லை. தீப்பெட்டியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தான்.

"உன்னுத எடுத்துப் பக்கத்துல வையிடே சிவா."

சிவசங்கர் வைத்தான். இரண்டையும் லென்ஸில் பார்த்தான். பாண்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆர்டர், டை, புள்ளி, ராவின எழுத்து. சொல்லி முடித்ததும் சிவசங்கர் லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"டூப்ளிகேட்னா டூப்ளிகேட்டு. அத்த உடு" என்றான். "அன்னிக்கே தெரியும் உனக்கு. டெய்லி என் வண்டில, என் பக்கத்துலயே குந்திகினு வந்த. நான் பேசுறத்தெல்லாம் கேட்டுகினு வந்த. இன்னா மனுசன்யா நீ?"

சசிரேகா காபியோடு வருவதற்குள் பாண்டி தெருவில் இருந்தான்.

மறுநாள் வேன் வந்தது. பாண்டி நிற்கிற இடத்தில் வேகம் குறையவில்லை. பின்சீட்டில் இருந்தவர்கள் "அண்ணே, பாண்டிண்ணே நிக்காரு" என்று கத்தினது காதில் விழுந்தது. அவன் ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனான். அந்த வாரம் முழுக்க ஷேர் ஆட்டோதான். பேனர் மட்டும் அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு காலையும் அந்த வெங்காயப் புள்ளியைப் பார்க்காமல் தாண்ட முடியவில்லை. சிரித்துப் பேசி வளர்ந்த ஒரு சிநேகத்தை வாயை மூடியே கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். பாண்டிச்செல்விகூடக் கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம் வாசலில் வேன் சத்தம் கேட்டது. சிவசங்கர் உள்ளே வந்தான். குசலம் விசாரிக்கவில்லை. நேராகக் கட்டிலில் உட்கார்ந்து, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். நெட்டில் எடுத்த நிஜமான பழைய சிறகின் படம்.

"எடப்பக்க சிறகுல கீழ்வரிசைய பாரு. மூணாவது எறகு. நரம்பு பாதியில நின்னுபோய், மொண்ணையா கீதா? அடுத்த படம் பாரு. அதுலயும் மொண்ண. நான் பாத்த ஒரிஜினல் அத்தனையும் அப்டித்தான் கீது. இப்ப உன்னுத எட்றா."

பாண்டி தீப்பெட்டியைத் தேடினான். அது சிவசங்கர் வீட்டு மேஜையிலேயே விட்டுப்போயிருந்தது. சிவசங்கர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

பாண்டி பார்த்தான். மூன்றாவது இறகின் நரம்பு நுனிவரைக்கும் தெளிவாக ஓடியது. அப்போதுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது. மாதிரியில் அந்த இடம் மழுங்கியிருக்கிறதே, யாரோ அரைகுறையாக விட்டிருக்கிறானே என்று, மனசு கேட்காமல் தானே நரம்பை நீட்டி வெட்டியிருந்தான். குறையை அப்படியே வெட்ட டூல் ரூம்காரன் கைக்கு வராது.

"புள்ளிய எவன் வேணா அழிப்பான். இத்த அழிக்க முடியாது" என்றான் சிவசங்கர். "இந்த வாரம் முச்சூடும் தூங்காம நான் பாத்தது. நீ சொல்லல, எவனும் சொல்லல. நானே என் கண்ணால புட்ச்சேன்."

"எனக்கே மறந்துபோச்சுடே" என்றான் பாண்டி. "அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புதான் சிவா."

"தப்புதான். நல்லா நாலு ஒத குடுக்கணும்னுதான் வந்தேன். தங்கச்சி முன்னாடி வேணான்னு பாக்கறேன்."

"எனக்காகப் பாக்காதீங்க அண்ணே, குடுங்க" என்றாள் பாண்டிச்செல்வி அடுப்படியிலிருந்து.

அப்புறம் மூவரும் சிரித்தார்கள். பாண்டிக்குச் சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனரை எடுத்துவிடலாமே என்று அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"எதுக்கு எடுக்கணும்? பிள்ளப்பாக்கத்தின் தங்கச் சிறகேன்னு போட்டுகீது. அதுல பொய் இன்னா கீது? இப்பதான் நெசமாவே நம்மூரு சரக்கு" என்றான் சிவசங்கர்.

மறுநாள் கண்காட்சியில், ஒரு கல்யாண மண்டபத்தில், சிவசங்கரின் மேஜைக்குத்தான் கூட்டம். நிஜமான சிறகின் பெரிய படம் ஒரு பக்கம், சந்தையில் அகப்பட்டதும் தீப்பெட்டியில் இருந்ததும் மறுபக்கம். ஒற்றைப்புள்ளி வகை என்று உலகமே கொண்டாடுவது இதுதான், அடையாளம் காணுவது இப்படி என்று அம்புக்குறி போட்டு அட்டை எழுதியிருந்தான். மூன்றாவது இறகுக்கு நேராக வந்ததும் அவன் குரல் தானாகவே உயர்ந்தது. குழுவில் தலையாட்டின நாலு பேரில் ஒருவர் நேரில் வந்து பார்த்து, "நானும் ஒண்ணு வச்சிருக்கேனே" என்று தலையில் கைவைத்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். பாண்டி ஓரமாக நின்றான்.

தபால்தலை சேர்க்கிற காந்திமதி என்று ஓர் அம்மாள் குனிந்து அட்டையின் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "டை வெட்டியவர்: இசக்கிபாண்டி." நிமிர்ந்து கேட்டார்: "யாருப்பா இவர்? எந்த ஊர்க்காரர்?"

பாண்டி வாயைத் திறந்தான். எட்டு வருஷமாக யார் கேட்டாலும் சொல்கிற பதில்தான், கோவில்பட்டிப் பக்கம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சிவசங்கர் அவன் தோளில் கையைப் போட்டு முன்னால் இழுத்தான்.

"தோ, இவருதாம்மா. எங்க ஊரு. பிள்ளப்பாக்கம்."

அந்த அம்மாள் பாண்டியைப் பார்த்தார். பாண்டி ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு அவர் கேட்காமலேயே லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்து, எந்த இறகைப் பார்க்க வேண்டும் என்று காட்டினான்.